கடைசி ஒன்று வரை: ஆங்கிள்சி தீவில் சாம்பல் அணில் ஒழிப்பு

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஆங்கிள்சி தீவு. 1998இல் அங்கே ஏறத்தாழ நாற்பது சிவப்பு அணில்கள்தான் மிச்சமிருந்தன. அந்த நாற்பதும் ஒரே காட்டில், பென்ட்ரைத் ஊருக்கு அருகே உள்ள மினித் லுவிடியார்த் குன்றின் பைன் மரங்களுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. தீவின் மற்றக் காடுகளும் தோட்டங்களும் சாலையோர மரங்களும் வட அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணிலின் வசம். இன்னும் சில ஆண்டுகளில் சிவப்பு அணில் இங்கே இருக்காது என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் நினைத்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 2013இல், நிலைமை தலைகீழ். தீவில் சாம்பல் அணில் இல்லை. சிவப்பு அணில்களோ அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எழுநூறைத் தொட்டன.

இடையில் நடந்தது கொலைதான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சாம்பல் அணில்களைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கொன்றார்கள். முற்றத்து அணிலுக்குச் சோற்றுப் பருக்கை வைத்தே வளர்ந்தவன் நான். இதை எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த நிகழ்வைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியானது. பிரிட்டனில் சாம்பல் அணிலைக் கொல்வது புதிதல்ல, பல தலைமுறையாக நடக்கிறது. பாதியில் விட்ட இடங்களில் எல்லாம் அத்தனை சாவும் வீணாய்ப் போனது. மீண்டும் பெருகின, மீண்டும் கொன்றார்கள். கடைசி ஒன்று வரை போன ஆங்கிள்சியில் மட்டும் கொலையே நின்றது.

பெயரில் ஒரு குழப்பம் வரலாம், அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். சாம்பல் அணில் என்றதும் நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் நினைவுக்கு வரும். அது சாம்பல் நிற மலை அணில். நம் மலைகளின் சொந்த உயிர், காப்பாற்ற வேண்டியது. இந்தக் கட்டுரையில் வருவது கிழக்கு வட அமெரிக்காவின் சாம்பல் அணில். இரண்டும் அணில் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு இனம்.

பங்களாக்காரர்கள் கொண்டுவந்த விருந்தாளி

1876இல் இங்கிலாந்தின் செஷையரில் உள்ள ஹென்பரி பார்க் என்ற பண்ணையில் தாமஸ் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடியை விட்டார். பதிவில் இருக்கும் முதல் விடுவிப்பு அதுதான். 1890இல் பெட்ஃபோர்ட் பிரபு தன் வோபர்ன் மாளிகைத் தோட்டத்தில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த பத்தை விட்டார். அங்கே பெருகியவற்றைப் பிடித்து மற்ற மாளிகைக்காரர்களுக்கும் பூங்காக்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். புல்வெளியில் துள்ளி ஓட அழகாக ஏதாவது இருக்கட்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். இப்படிப் பல இடங்களில் ஒரே சமயத்தில் விட்டதால்தான் நாடு முழுவதும் இத்தனை வேகமாகப் பரவியது. 1937இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்யவும் வளர்க்கவும் சட்டம் தடை போட்டது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

ஆங்கிள்சிக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, நடுவில் மெனாய் நீரிணை இருந்ததால். சில இடங்களில் அரைக் கிலோமீட்டர்கூட அகலமில்லாத நீர்தான். ஆனால் ஓட்டம் கடுமையானது. அதன் மேல் இரண்டு பாலங்கள்: 1826இல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டிய தொங்குபாலம், 1850இல் ராபர்ட் ஸ்டீபன்சன் ரயிலுக்காகக் கட்டிய பிரிட்டானியா பாலம். 1960களின் பிற்பகுதியில் அந்தப் பாலங்கள் வழியாகத்தான் சாம்பல் அணில் தீவுக்குள் வந்திருக்க வேண்டும். வந்து முப்பதே ஆண்டில் சிவப்பு அணிலை ஒரு குன்றுக்குள் ஒதுக்கியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று நாம் சொல்வோமே, அப்படியே நடந்தது.

எப்படி விரட்டுகிறது

சாம்பல் அணில் சிவப்பு அணிலைக் கடித்துக் கொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டும் ஒரே மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரை தேடும். சண்டை வயிற்றில் நடக்கிறது. வளர்ந்த சிவப்பு அணில் முந்நூறு கிராம் தேறினால் பெரிது. சாம்பல் அணில் அரைக் கிலோவுக்கு மேல். ஓக் கொட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். சாம்பல் அணிலுக்கு அது நன்றாகச் செரிக்கும்; சிவப்புக்குச் சரியாகச் செரிக்காது. எனவே ஓக் காய்த்த ஆண்டில் சாம்பல் அணில்கள் கொழுத்துப் பெருகுகின்றன. பிறகு ஹேசல் கொட்டையை, சிவப்பு அணிலின் குளிர்கால ஆதாரத்தை, பழுக்கும் முன்பே தின்று தீர்க்கின்றன. நல்ல இலையுதிர் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு எட்டுச் சாம்பல் அணில் வரை வாழ முடியும். சிவப்பு ஒன்று இருந்தாலே அதிகம். சாப்பாடு போதாத சிவப்பு அணில் குட்டி போடுவது குறைகிறது, பிறந்த குட்டிகளிலும் பல முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. சத்தமே இல்லாமல் ஒரு காடு கைமாறிவிடுகிறது.

இது மெதுவான வழி. வேகமான வழி ஒன்று உண்டு, அணில் அம்மை. சாம்பல் அணிலின் உடலில் அந்த வைரஸ் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யாது. சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சாவு. கண்ணிமை ஓரத்தில் முதலில் ஈரமாக ஒரு புண், பிறகு மூக்கு, உதடு, விரல் இடுக்கு. இமைகள் வீங்கி ஒட்டிக்கொள்ளும். மரத்தில் ஏறத் தெம்பில்லாமல் அடிமரத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஆள் அருகில் போனாலும் ஓடாது. நோய்வாய்ப்பட்ட அணிலின் படங்களைப் பார்த்த பிறகு சாம்பல் அணிலைக் கொல்வது பற்றிய என் தயக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கொல்லாமல் இருந்தாலும் சாவு நடக்கத்தான் செய்கிறது என்று புரிந்தது. வைரஸ் புழங்கும் இடங்களில் சிவப்பு அணில் மறையும் வேகம் மற்ற இடங்களைவிடப் பதினேழு முதல் இருபத்தைந்து மடங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

காட்டுக்கும் சேதம் உண்டு. மே முதல் ஜூலை வரை சாம்பல் அணில்கள் இளம் ஓக், பீச், சிக்கமோர் மரங்களின் பட்டையை உரித்துத் தின்கின்றன. பத்து முதல் நாற்பது வயது மரங்கள்தான் அதிகம் பலியாகும். பட்டை சுற்றிவர உரிந்தால் அதற்கு மேலே உள்ள பகுதி பட்டுப்போகும். சிராய்ப்பு மட்டும் என்றாலும் பூஞ்சை புகுந்து தண்டை அரிக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இந்தச் சேதம் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்டு என்று 2021இல் ஒரு மதிப்பீடு வந்தது. எனக்குப் பணத்தைவிட உறுத்துவது வேறு: உரிந்துபோகும் என்று தெரிந்தே நில உரிமையாளர்கள் நாட்டு இலையுதிர் மரங்களை நடத் தயங்குகிறார்கள். அப்படியானால் அந்த மரங்களை நம்பியிருக்கும் பறவை, பூச்சி, பாசி எல்லாவற்றுக்கும் நாளைக்கு இடம் குறைகிறது.

பத்து லட்சம் வால்கள்

1953இல் பிரிட்டன் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சாம்பல் அணிலின் வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு ஷில்லிங். பின்னால் அது இரண்டு ஷில்லிங் ஆனது. 1958இல் திட்டத்தைக் கைவிடும்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் வந்திருந்தன. சாம்பல் அணில் அப்போதும் பரவிக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. வாலுக்குக் காசு என்றால், அணில் நிறைய இருக்கும் இடத்தில்தான் வேட்டையாடப் போவார்கள். அங்கே பத்தைச் சுட்டால் மிஞ்சியவற்றுக்குச் சாப்பாடு கூடுதலாகக் கிடைக்கிறது; பக்கத்துக் காட்டிலிருந்தும் வந்து சேர்கின்றன. கடைசி இரண்டைத் தேடி யாரும் ஒரு வாரம் காட்டில் அலையமாட்டார்கள், அதற்கு இரண்டு ஷில்லிங் கட்டுபடியாகாது. உண்மையில் ஒழிப்புக்கு வேண்டியது அந்தக் கடைசி இரண்டுதான்.

இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்காட்லாந்தில் 1903இல் தொடங்கிய ஹைலாண்ட் அணில் கழகம் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அணில்களைக் கொன்றது. அவை சிவப்பு அணில்கள். மரத்துக்குக் கேடு என்று அன்று அதற்கும் பணம் கொடுத்தார்கள். சிவப்பு அணில் இளைத்துப்போனதில் மனிதக் கைக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டுச் சாம்பல் அணிலை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

ஆங்கிள்சி செய்தது

1990களின் இறுதியில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் எஸ்மே கர்பி. ஸ்னோடோனியா மலைப்பகுதியைக் காக்க வாழ்நாள் முழுக்கப் போராடியவர் அவர். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளைதான் முதல் அடி எடுத்து வைத்தது. களத்தில் ஆண்டுக்கணக்காக நின்றவர் சூழலியலாளர் கிரெய்க் ஷட்டில்வொர்த். 1999இல் எஸ்மே கர்பி காலமானார்; வேலை நிற்கவில்லை.

முதலில் மினித் லுவிடியார்த்தைச் சுற்றிக் கூண்டு வைத்தார்கள். மிச்சமிருந்த நாற்பதுக்கு மூச்சுவிட இடம் வேண்டுமே. பிறகு வட்டத்தைக் காடு காடாக அகலப்படுத்தினார்கள். தீவு சுமார் 700 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். காடுகள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கின்றன. அது ஒரு வசதி. ஆனால் அத்தனை திட்டுக்கும் உரிமையாளர் தனித்தனி ஆள். ஒருவர் என் தோட்டத்துக்குள் வராதே என்று சொன்னால் போதும், அந்தத் தோட்டமே மறுபடி நாற்றங்காலாகிவிடும். அதனால் கூண்டைவிட முதலில் வேண்டியிருந்தது வீடு வீடாகப் போய்ப் பேசுவது. ஒழிப்பு வேலையின் இந்தப் பகுதி அறிக்கைகளில் இரண்டு வரியில் முடிந்துவிடும். களத்தில் அதுதான் பாதி வேலை.

கூண்டு பெரிய பொருள் ஒன்றுமில்லை. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், கம்பி வலை, ஒரு முனையில் கதவு, உள்ளே மிதித்தால் சாயும் ஒரு தகடு. மேலே இலையும் சருகும் போட்டு மூடுவார்கள், மழை படாமல், உள்ளே இருப்பது வெளியே தெரியாமல். முதல் சில நாள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைப்பார்கள். மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் தாராளமாகக் கிடக்கும். அணில் வந்து தின்று பழகும். சோளத்தின் முளைப் பகுதியை மட்டும் கொறித்துவிட்டு மற்றதை விட்டுப் போயிருந்தால் வந்தது சாம்பல் அணில் என்பதற்கு நல்ல அடையாளம். அப்புறம் ஒரு நாள் கதவை அவிழ்த்து விடுவார்கள்.

கூண்டு வைத்தவர் நாளுக்கு ஒரு முறையாவது போய்ப் பார்த்தே தீர வேண்டும், மழையானாலும் பனியானாலும். சிவப்பு அணில் மாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே விட வேண்டும். பாலூட்டும் தாயாக இருந்தால் குட்டிகள் பசியில் கிடக்கும் என்பதால் குட்டிப் பருவத்தில் பார்வையைக் கூட்ட வேண்டும். சாம்பல் அணில் என்றால் கூண்டின் வாயில் சாக்கைப் பிடித்து அதற்குள் ஓடவிட்டு, மூலையில் அசையாமல் பிடித்து, தலையின் பின்பக்கம் ஒரே அடி. இல்லையென்றால் கூண்டுக்குள்ளேயே காற்றுத் துப்பாக்கி. தண்ணீரில் மூழ்கடிப்பது சட்டப்படி குற்றம். பிடித்த சாம்பல் அணிலை இரக்கப்பட்டுத் திறந்துவிடுவதும் குற்றமே. அந்த ஒரே அடியைச் சரியாக அடிக்கக் கற்றுக்கொண்டவர்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் காலையில் எழுந்து அதைச் செய்தவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது.

பருவமும் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் காடு முழுக்கக் கொட்டை கிடக்கும்போது கூண்டுச் சோளத்தை எந்த அணிலும் சீண்டாது. குளிர்காலக் கடைசியில், பசி முற்றிய நேரத்தில், பெண் அணில்கள் குட்டி போடும் முன் பிடித்தால்தான் பலன் அதிகம்.

இப்படி எண்ணிக்கை சரியச் சரிய வேலை லேசாகவில்லை, கடினமானது. நூறு அணில் இருக்கும் காட்டில் முப்பதைப் பிடிப்பது ஒரு வாரக் காரியம். ஒரே ஒன்று இருக்கும் காட்டில் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே மாதங்கள் ஆகும். அதற்கு மயிர்க்குழாய் வைக்கும் முறை உண்டு. மழைநீர் வடியும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வெட்டி, உள்ளே இரை வைத்து, மேல்பக்க உட்சுவரில் இரு வாயிலும் ஒட்டும் நாடா ஒட்டி, கிளையில் கட்டிவிடுவார்கள். இரை எடுக்கக் குனிந்து நுழையும் அணிலின் முதுகு மயிர் நாடாவில் ஒட்டிக்கொள்ளும். அந்த மயிரை நீலச் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், சிவப்பு அணிலின் மயிரில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருப்பதால் அதில் சாயம் தேங்கி ஒரு கருங்கோடு தெரியும். சாம்பல் அணிலின் மயிரில் அந்தக் கோடு இல்லை. ஒரு காட்டில் இன்னும் வேலை இருக்கிறதா, முடிந்ததா என்பதை ஒரு மயிரிழை சொல்லிவிடும்.

எதிர்பாராத பலன்

கொன்ற அணில்களின் இரத்தத்தையும் ஆண்டாண்டாகச் சோதித்து வந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் தீவின் சாம்பல் அணில்களில் 70 சதவீதத்துக்கும் மேல் அம்மை வைரஸுக்கான எதிர்ப்பொருள், அதாவது தொற்று வந்ததன் அடையாளம், இருந்தது. எண்ணிக்கை குறையக் குறைய அந்த விகிதமும் விழுந்தது. பத்தாண்டுக்குள் 4 சதவீதம். கூட்டம் கலைந்தால் கிருமி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியில்லை. சாப்பாட்டுப் போட்டியைக் குறைக்கத்தான் இறங்கினார்கள், கடைசி அணில் போகும் முன்பே நோயும் அடங்கிவிட்டது. ஆங்கிள்சி உலகுக்குத் தந்த மிகப் பெரிய பாடம் இதுதான் என்பது என் கருத்து. முழு ஒழிப்பு சாத்தியமில்லாத பெருநிலத்திலும், எண்ணிக்கையைத் தொடர்ந்து மிகக் கீழே வைத்திருந்தால் நோயை அடக்கலாம் என்று இது காட்டுகிறது.

நாற்பதிலிருந்து வரும் சந்ததியில் மரபு வேறுபாடு மிகக் குறைவு. எனவே 2004 முதல் தீவின் தென்மேற்கில் நியூபரோ கடலோரப் பைன் காட்டிலும், பிறகு நீரிணைக் கரையில் பிளாஸ் நியூவித் மாளிகைக் காட்டிலும் தீவுக்கு வெளியே வளர்த்த சிவப்பு அணில்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. விடுவதற்கு முன் அடைப்பில் வைத்திருந்தவற்றில் சில அடினோவைரஸ் என்ற வேறொரு கிருமி தாக்கிச் செத்தன. இருந்தும் மிஞ்சியவை பிடித்துக்கொண்டன. தீவை நிறைத்த பிறகு சில அணில்கள் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் பேங்கர் பக்கமும் குடியேறின. சாம்பல் அணில் வந்த அதே வழியில் சிவப்பு அணில் திரும்பிப் போனது.

நிறுத்தினால் என்ன ஆகும்

கொல்லக் கூடாது என்று சொல்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே பிறந்த சாம்பல் அணிலுக்குத் தன் பாட்டன் அமெரிக்கன் என்று தெரியாது. அதற்கும் வலிக்கும். கொல்லாமல் வேறு வழி பாருங்கள் என்பது சரியான கோரிக்கை. ஆனால் வழி கிடைக்கும் வரை சும்மா இருங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலி சாட்சி. 1948இல் டூரின் அருகே ஸ்டுபினிஜியில் இரண்டு ஜோடிச் சாம்பல் அணில்களை விட்டார்கள். 1997இல், அவை இன்னும் ஒரு சிறு பகுதிக்குள் இருந்தபோதே, ரக்கோனிஜி பூங்காவில் ஒழிப்புச் சோதனை தொடங்கியது. விலங்கு உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன, வேலை நின்றது. 2000இல் அதிகாரிகள் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. மூன்று ஆண்டுதான். அதற்குள் அணில்கள் பரவி, முழு ஒழிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அன்று கொல்ல வேண்டியிருந்தவற்றைப்போல் பல மடங்கை அதன் பிறகு கொல்ல வேண்டி வந்திருக்கிறது.

வேறு வழிகளும் உருவாகி வருகின்றன. அயர்லாந்தின் நடுப்பகுதியில் பைன் மார்ட்டன் என்ற மரமேறி வேட்டை விலங்கு, நம் நீலகிரி மார்ட்டனின் உறவுக்காரன், மீண்டும் பெருகிய இடங்களில் சாம்பல் அணில் சரிந்து சிவப்பு அணில் திரும்பியது. சிவப்பு அணில் அந்த வேட்டைக்காரனோடு காலங்காலமாய் வாழ்ந்தது. அதன் வாடை பட்டால் எச்சரிக்கையாகும். சாம்பல் அணிலுக்கு அந்த வாடை புதிது. 2015 முதல் ஸ்காட்லாந்திலிருந்து பைன் மார்ட்டன்களை நடு வேல்ஸுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரையில் கலந்து கொடுக்கும் கருத்தடை மருந்துக்கான ஆராய்ச்சியும் நடக்கிறது. சாம்பல் அணிலின் எடைக்கு மட்டுமே திறக்கும் பெட்டி அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. இரண்டும் நல்ல வழிகள். மார்ட்டன் ஊருக்குள்ளும் பூங்காவிலும் வராது, மருந்து இன்னும் காட்டுக்கு வரவில்லை. அதுவரை கூண்டுதான்.

ஆங்கிள்சியிலும் வேலை தீர்ந்துவிடவில்லை. 2020 கடைசியில் எதிர்க்கரை க்வினெத் மாவட்டத்தில் அணில் அம்மை பரவி, அங்கே குடியேறியிருந்த சிவப்பு அணில்களில் எழுபது எண்பது சதவீதத்தைக் கொண்டுபோனது. தீவுக்குள் அது நுழைந்துவிடுமோ என்று எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. வீட்டுத் தோட்டங்களில் இரைப் பெட்டிகளைக் கழற்றச் சொன்னார்கள். ஒரே பெட்டியில் பல அணில் வாய் வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கழற்றிய பெட்டிகளைக் கிருமிநாசினி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். 2024 டிசம்பரில் டாரா புயல் வந்து தீவின் காடுகளில் மரங்களைச் சாய்த்தது. பாலங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. க்வினெத் பக்கத்துக் காடுகளில் இன்றும் கூண்டு வைக்கிறார்கள். கதவைக் கம்பியால் கட்டி, சோளம் போட்டு, எந்த அணில் வந்து தின்கிறது என்று பார்க்கிறார்கள்.